ஷூலான் இல்லாத ஜியாங் வரலாறு

தலைமை ஏற்றிருக்கும் பத்மநாபன் அவர்களே, கணவரின் படத்துக்கு எதிரே அமர்ந்திருக்கும் என் தோழி காமாக்ஷி அவர்களே, மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய ஜியாங் ஐயா அவர்களே, ஃப்ரீமான்ட் வாசகர் வட்டத்தின் நண்பர்களே, எல்லோருக்கும் இந்த எலிசாவின் வணக்கம்.

இந்த மண்டபத்தை நாம் பதிவு செய்தது இரங்கல் கூட்டத்துக்காகவா? இல்லையே! புத்தக வெளியீட்டு விழாவுக்காக அல்லவா பதிவு செய்தோம்? போன சனிக்கிழமை டாக்டர் சேனாபதி அவர்கள் மாரடைப்பில் நம்மை விட்டுப் போனார். பேனரை மட்டும் மாற்றினோம். சமோசா ஆர்டரை ரத்து செய்ய யாருக்கும் நினைவு வரவில்லை. அவர் இருந்திருந்தால் அதைச் சொல்லியே அரை மணி நேரம் சிரித்திருப்பார்.

அவரைப் பற்றி என்ன சொல்ல? சிப் டிசைனில் முப்பது வருடம். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடம் ஒரே ஒரு வேலை. ஜியாங் என்ற பழம்பெரும் சீனக் குடும்பப்பெயரின் வரலாற்றைத் தமிழில் எழுதும் வேலை! இது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? பக்கத்து வீட்டு ஜியாங் ஐயா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என் குடும்பப்பெயருக்கு மூவாயிரம் வயசுக்கு மேல், உங்களுடையதுக்கு?" என்று கேட்டுவிட்டார். நம்மவர் என்ன சொல்வார்? அவருடைய லாஸ்ட் நேம் அவர் அப்பாவின் பெயர். அவர் மகனுடைய லாஸ்ட் நேம் சேனாபதி. காமாக்ஷி பாஸ்போர்ட்டிலும் சேனாபதி. "எங்க வீட்டுல லாஸ்ட் நேமுக்கு இப்பதான் முப்பத்தஞ்சு வயசு ஆகுது, எலிசா" என்று என்னிடம் வந்து சொன்னார். அந்த ரோஷத்தில் தொடங்கியதுதான் இந்தப் புத்தகம்.

சனிக்கிழமை தோறும் ஜியாங் ஐயாவின் கராஜில் கூடுவோம். அவர் பழைய சீன ஏடுகளை ஆங்கிலத்தில் சொல்வார். டாக்டர் தமிழில் எழுதுவார். நான் டைப் அடித்துப் பிழை திருத்துவேன். ஜியாங் ஆற்றங்கரையில் வாழ்ந்த யான் பேரரசர் அந்த ஆற்றின் பெயரையே தன் குலத்துக்குப் பெயராக்கினார் என்ற ஐதீகம் அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர் ஜியாங் ஸியாவை ஒரு மன்னர் தேடி வந்த கதையும், அந்தக் கிழவருக்குக் கிடைத்த ச்சீ நாட்டின் கதையும் அங்கேதான் கேட்டோம். லூ, சுய், டிங், காவ் என்று எத்தனை குடும்பப்பெயர்கள் இந்த ஒரே வேரிலிருந்து கிளம்பியவை!

அதில் டாக்டருக்கு மிகவும் பிடித்தது மூன்றாம் அத்தியாயம். அந்தக் காலத்தில் ஆண்கள் தங்கள் நிலத்தையும் பதவியையும் வைத்துக் கிளைப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஜியாங் என்ற வேர்ப்பெயரைச் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் பெண்கள். அந்த எழுத்துக்குள்ளேயே பெண் என்ற குறி இருக்கிறது. "பார்த்தியா எலிசா, லேடீஸ்தான் இந்தப் பேரைக் காப்பாத்திக் கொண்டுவந்திருக்காங்க!" என்று அன்று மேசையைத் தட்டினார். அந்த மகிழ்ச்சி பொய் இல்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இப்போது வலிக்கிறது.

நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் குறை சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். நான் இன்று அந்த வழக்கத்தை மீறப் போகிறேன். காமாக்ஷியிடம் அனுமதி கேட்டேன். "நீ பேசு எலிசா. நீ பேசலன்னா மைக்கை வாங்கி நான் பேசுவேன்" என்றார்.

ஜியாங் ஐயாவுக்கு ஓர் அக்கா இருந்தார். பெயர் ஷூலான். 1949இல் ச்சிங்தாவ் துறைமுகத்தில் கப்பலில் இருந்தது இரண்டு இடம். நின்றவர்கள் மூன்று பேர். பத்து வயதுத் தம்பியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, பத்தொன்பது வயது ஷூலான் கரையிலேயே நின்றுவிட்டார். பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. அவர் இறந்த செய்தி இவருக்கு எட்டு வருடம் கழித்துத்தான் வந்தது. மகள்களைப் பரம்பரை ஏட்டில் எழுதாதது பழைய வழக்கம். மணமாகிப் போனால் கணவர் வீட்டு ஏட்டில், "ஜியாங் வீட்டுப் பெண்" என்று ஒரு வரியாவது இருக்கும். ஷூலான் மணமே செய்துகொள்ளவில்லை. அதனால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஜியாங் ஐயா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கள் புத்தகத்திலாவது என் அக்காவின் பெயரைச் சீன எழுத்தில் போடுங்கள்" என்றார். கராஜில் மூவரும் கை கொடுத்துக்கொண்டோம். ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி அது. அதை எழுதியவர் டாக்டர் சேனாபதி. டைப் அடித்தவள் நான். இறுதிப் பிழைதிருத்தத்திலும் பார்த்தேன். இருந்தது!

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு டாக்டர் எனக்கு போன் செய்தார். "புக் சூப்பரா வந்திருக்கு எலிசா. நீ டென்ஷன் ஆகாத. ஜியாங் ரொம்ப ஹேப்பி ஆயிடுவார்" என்றார். செவ்வாய்க்கிழமை சென்னை அச்சகத்திலிருந்து பெட்டிகள் வந்தன. புதன்கிழமை ஜியாங் ஐயா என் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்த மூன்று சீன எழுத்துகளைத் தேடி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஆங்கிலத்தில், "என் கண் சரியில்லை போலிருக்கிறது" என்றார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, நண்பர்களே. ஒன்பதாம் அத்தியாயம் முடியும் 214ஆம் பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் காமாக்ஷி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நம்ம புக்குக்கு முன்னுரை எழுத ஒத்துக்கிட்டிருந்த சீனச் சங்கத்துத் தலைவர், பொண்ணுங்க பேரை ஏத்துறது எங்க வழக்கம் இல்ல, அது இருந்தா முன்னுரை தரமாட்டேன்னு சொல்லிட்டாராம். இவர் அச்சகத்துக்கு மெயில் அனுப்பி அந்தப் பாராவை எடுத்துட்டார். எலிசாகிட்ட சொல்லாதேன்னார். அப்புறமா நானே சொல்லிக்கிறேன்னார்." அந்த அப்புறம் வரவே இல்லை.

டாக்டர் சேனாபதி அவர்களே! இரண்டு பக்க முன்னுரைக்காகவா? மூன்றாம் அத்தியாயத்தில் பெண்கள் காத்த பெயர் என்று எழுதிய அதே கை, ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் பெயரை எடுக்கச் சொல்லி மெயில் அடித்ததா? சண்டை போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பதினோரு வருடச் சிநேகிதியிடம் ஹேப்பி ஆயிடுவார் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கேட்டால் பதில் சொல்ல இப்போது நீங்கள் இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருக்கிறது. உங்கள் மேல் எனக்கு இருக்கும் அன்பு குறையவில்லை. உங்களை நான் மன்னிக்கவும் இல்லை.

விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது இப்படிப்பட்ட கூட்டத்தின் முறை. உறுதி எடுப்போம். இரண்டாம் பதிப்பு வரும். அதில் அந்தப் பத்தி இருக்கும், முன்னுரை இருக்காது. ஆனால் ஜியாங் ஐயாவுக்கு எண்பத்தாறு வயது. இரண்டாம் பதிப்பு வரும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

வாசல் மேசையில் இருந்த புத்தகங்கள் இப்போது உங்கள் நாற்காலிகளுக்கு அடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பேனா வைத்திருக்கிறேன். இதோ, என் பின்னால் இருக்கும் பலகையில் ஜியாங் ஐயா இன்று காலை வந்து தன் கையாலேயே அந்த மூன்று எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். சீனம் தெரியாது என்று தயங்காதீர்கள். அவரும் தமிழ் தெரியாமல்தானே பதினோரு வருடம் நம்மோடு உட்கார்ந்திருந்தார்? பலகையைப் பார்த்து வரைந்தால் போதும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

வழக்கமாக இரண்டு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்போம். இன்று அந்த இரண்டு நிமிடத்தில் எழுதுவோம். டாக்டரின் படத்துக்கு முன்னால் இருப்பது முதல் பிரதி. அதில் காமாக்ஷி எழுதி, ஜியாங் ஐயாவின் கையில் கொடுப்பார்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பக்கம் 214.