சூலத்தில் கட்டாத காப்பு

ஏலக்காய் ஸ்டோருக்குள் படம் பிடிப்பது சிரமம். காய் உலரும் சூட்டில் லென்ஸ்மேல் ஆவி படிந்துவிடும். சாந்தன்பாறையில் என் அக்கா முருகேஸ்வரியின் கணவர் ஈஸ்வரன் வேலை செய்வதை, லென்ஸை அப்படித் துடைத்துத் துடைத்துத்தான் எடுக்கத் தொடங்கினேன். பதினாறு வருடம் குடித்தவர். அக்காவின் கையை உடைத்த மறுநாள், பூக்குழி இறங்குவதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு குடியை நிறுத்தினார். நிஜமாகவே நிறுத்தினார். ஒரு வருடம் அவர் பின்னாலேயே கேமராவோடு திரிந்தேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, சாகக் கிடக்கும் மனைவியைப் பார்க்க ஒரு மனிதர் எப்படி வராமல் இருப்பார் என்று கேட்டீர்கள். எல்லோரும் கேட்பதுதான். சொல்கிறேன்.

பூக்குழி இறங்குகிறவர்கள் எட்டு நாள் முன்பே காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கோயிலிலேயே தங்க வேண்டும். மணி அடித்தால் ஒலிப்பதிவு கெடும் என்று அவர் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"வச்சுக்க மாப்ள. உங்கக்கா கூப்பிட்டா மட்டும் சொல்லு. மத்தவனெல்லாம் சாராயக் கடைக்குத்தான் கூப்பிடுவான்" என்று சிரித்தார்.

அக்கா அப்போது தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பித்தப்பைக் கல்லுக்குச் சின்ன ஆபரேஷன், துணைக்கு அம்மா. பூக்குழிக்குள் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. ஆறாம் நாள் காலை அம்மா அந்தப் போனில் கூப்பிட்டாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்கிறாராம் டாக்டர். அக்கா அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். போடிமெட்டு வழியாக ஜீப்பில் இரண்டு மணி நேரம்.

ஈஸ்வரன் மாமா பத்தடி தள்ளி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மேகம் விலகி நல்ல வெளிச்சம். சொன்னால் போய்விடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அது படத்தில் சரியாக வரவில்லை, என் குறைதான். போனால் பூக்குழி இல்லை. பூக்குழி இல்லையென்றால் அந்த ஒரு வருடத்துக்கு முடிவு இல்லை.

காப்புக் கட்டியிருப்பதால் மாமா வர முடியாது என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அவன் கும்பிடுற சாமி நல்லாருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு இன்னும் நாலு முறை கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் எடுத்துப் பேசினேன். நானாவது போயிருக்கலாமே என்பீர்கள். கேமராவுக்கு வேறு ஆள் இல்லை.

பூசாரி மொக்கையன், காப்புக் கட்டிய அன்றே கேமரா முன்னால் ஒன்று சொல்லியிருந்தார். "சாவு நோவுன்னா ஆத்தா மறிக்க மாட்டா. காப்ப அவுத்து சூலத்துல கட்டிட்டு எறங்கிப் போகலாம்." இருபது நொடி. படத்தில் அது வேகத்தைக் குறைத்தது, வெட்டிவிட்டேன்.

எட்டாம் நாள் உச்சிவேளையில் அக்கா போய்விட்டாள். நாலு மணிக்கு மாமா பூக்குழி இறங்கினார். நீங்கள் பாராட்டிய காட்சி அதுதான். ஸ்டாண்டை நிறுத்தி, ஃபோகஸ் பார்த்துவிட்டு, அக்கா போய்விட்டாள், தகவல் இப்போதுதான் வந்தது என்று அவரிடம் சொன்னேன். சாம்பல் ஒட்டிய காலோடு ஜீப்பில் ஏறினார்.

அம்மா அவரைப் பாடை அருகே விடவில்லை. சாமி பெரிசென்று இருந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாள். தாமதமாக வந்ததற்குத் திட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தனியாக இருக்கிறார். மறுபடி குடிக்கிறார். படத்துக்கு இரண்டாம் பாதி அப்படித்தான் கிடைத்தது.

ஒரு காட்சியில்கூட யாரையும் நான் நடிக்கச் சொன்னதில்லை. நீங்கள் பார்த்ததெல்லாம் நடந்தது.

அந்தக் கடைசி அழைப்பில் அம்மா போனை அக்காவின் காதில் வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வரலேன்னு அவரு வாயாலயே சொன்னாரா தம்பி?"

ஆமாக்கா, அவரேதான் சொன்னார் என்றேன்.

அதை நான் பதிவு செய்யவில்லை. குடும்பத்துக்குள் நடப்பதில் கேமராவை எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.