யூரசில் இல்லாத தட்டுகள்

பதினான்கு வருஷமாக இந்த ஆய்வகத்துக்கு ஈஸ்ட் வளர்க்கும் தட்டுகளில் சத்துக்கூழ் ஊற்றித் தருவது நான்தான். ஒன்றில்கூடப் பூஞ்சை பிடித்ததில்லை. உட்காரச் சொல்லாதீர்கள், ஐயா. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. குளிர் அறையில் கிடந்த பழைய தட்டைச் சோதித்துவிட்டீர்களாம், இனி மறைக்க என்ன இருக்கிறது.

இங்கே ஆராய்ச்சி செய்த என் தங்கையை, அம்மா போன பிறகு வளர்த்தவள் நான். ஈஸ்டுக்குள் ஒரு செயற்கைக் குரோமோசோமை வைத்து, அதில் எலியின் மரபணுவைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை எலியின் உயிரணுவில் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வெக்டர் என்ற மரபணு வாகனத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் அவளுக்குக் கடல் தாண்டி வேலை.

"அக்கா, இன்னும் ரெண்டே மாசம்தான்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாத்திரத்தைப் பாதி கழுவிவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

அவளுடைய தட்டுகளில் யூரசில் என்ற சத்து இருக்கக் கூடாது. செயற்கைக் குரோமோசோமைச் சுமக்கும் ஈஸ்ட் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். சுமக்காதது பட்டினியில் சாகும். நான் ஒரு சிட்டிகை யூரசில் சேர்த்தேன். ஈஸ்ட் அந்தச் சுமையை, அவள் திருத்திய மரபணுவோடு சேர்த்து, உதறிவிட்டுக் கொழுகொழுவென்று வளர்ந்தது. தட்டைச் சரிபார்க்க அவள் கேட்கும்போது மட்டும் சுத்தமானதைக் கொடுத்தேன். வேலை என்று வந்தால் நான் கறார்.

ரெண்டு மாசம் மூன்று வருஷமாயிற்று. முதலில் அவளுக்குக் கிடைத்த நல்ல முடிவு திரும்பக் கிடைக்கவே இல்லை. இட்டுக்கட்டினாள் என்றார்கள். அவளை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்டது நீங்கள்.

"என் கையிலதான் ஏதோ கோளாறுக்கா" என்று அழுதாள். கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்துவிட்டது.

"விடுடி, நான் இருக்கேன்ல" என்று மருந்து தடவினேன். மனசாரத்தான் சொன்னேன். பெற்ற வயிறாக இருந்தாலும் இப்படிப் பார்த்துக்கொள்ளுமா?

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்பை அணைத்தாளா என்றுகூட அவளுக்குச் சந்தேகம், என்னைத்தான் கேட்பாள். வெளியே போய்த் தடுமாறுவாளே என்று கதவைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். அப்படியும் மனசு கேட்காமல் மதியம் ஒரு நடை ஓடிப் பார்த்துவிட்டு வருவேன்.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா. இதைக் கேட்டால் நொறுங்கிப்போவாள். அப்புறம் அவளைத் தேற்ற என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?