பழநிக்குப் போன முடி

எழுபத்து நாலோ ஐந்தோ, வருஷம். கொழிஞ்சாம்பாறையில் ஏறிய பழநி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த விவசாயி மடியிலிருந்த மஞ்சள் துணி முடிச்சைத் தொட்டுச் சொன்னார்: "இது எங்க ஊட்டு முடி இல்லீங்க. ஒரு சிங்கோடதுங்க."

அவர் பக்கத்திலிருந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். "எந்தச் சிங்குங்க?"

"பஞ்சாப் லாரிக்காரருங்க. எங்க தோட்டத்துக்கு முன்னால வண்டி நின்னுபோச்சு. ஆளுக்கு நெனப்பில்லாத காய்ச்சல். ஊட்டுல கொண்டாந்து படுக்க வெச்சமுங்க. தலப்பாவ அவுத்தா இடுப்பு வரைக்கும் முடி. எந்தச் சாமிக்கோ வேண்டிக்கிட்டு எறக்காம உட்டுட்டாராட்ட இருக்குது, பழநிக்கே செலுத்தீரலாம்னு தாடியோட எறக்கிட்டமுங்க. மக்காநாளே காய்ச்சல் உட்டுப்போச்சு!"

பட்டாளத்துக்காரர் சிரிக்கவில்லை.

"அவங்க பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் முடியில கத்தி வெக்க மாட்டாங்க. அது அவங்க மதமுங்க. எங்கூட இருந்த ஒருத்தரு, தலையில அடிபட்டப்பக்கூட டாக்டர மழிக்க உடல."

பொள்ளாச்சி தாண்டியபோது விவசாயி முடிச்சைப் பார்த்தபடி சொன்னார்:

"கண்ணு முழிச்சதும் தலையத் தடவிப் பாத்து அழுதாருங்க. பொழச்சுக்கிட்ட சந்தோசத்துல அழுவறாருன்னு எங்க ஊட்டுக்காரி பாயசம் வெச்சா. அவரு வாங்கவே இல்ல. தலையில துணியப் போத்திக்கிட்டு செவுத்துப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

மலை தெரிந்ததும் பஸ்ஸே அரோகரா போட்டது. விவசாயி மட்டும் கும்பிடவில்லை. இரண்டு கைகளும் முடிச்சின் மேலேயே இருந்தன.

"இனி இத எங்கீங்க கொண்டுபோறது?" என்றார்.