பசை இறுகும் வரை

மேடையில் அமர்ந்திருக்கும் பணிப்பாளர் அவர்களே, வைத்திய நிபுணர்களே, தாதி மிஸ்மாரே, மறைந்த டொக்டர் பவாஸ் அவர்களின் துணைவியார் ஸனா அவர்களே, கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் திகனயிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் அவர் நிமிர்த்திக் கொடுத்த முதுகோடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே! உங்கள் எல்லோருக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துச் சிற்றூழியன் சுந்தரலிங்கத்தின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் டொக்டரின் பட்டங்களைச் சொன்னார்கள். ஓ.எல். பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் விழுந்த நான் எதைச் சொல்ல? வீட்டை விட்டு வெளிக்கிடும்போது என் மகள் தர்ஷிகா, "அப்பா, மேடையில அழுதுறாதீங்க. அதைவிட, பகிடி விட்டுறாதீங்க" என்றாள். இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றப் பார்க்கிறேன்.

முள்ளந்தண்டு நிபுணர் டொக்டர் பவாஸ் செய்த வேலை என்ன? முதுகை நீளத்துக்கு வெட்டினாரா? திருகாணி பூட்டினாரா? இல்லை! பென்சில் முனையளவு ஒரு துளை. அதன் வழியே ஓர் ஊசி. நசுங்கிப்போன எலும்புக்குள் கொஞ்சம் பசை. பசை இறுகினால் எலும்பு நிற்கும். எலும்பு நின்றால் மனுஷி நிற்பாள். நான் தள்ளுவண்டியில் தள்ளி வந்தவர்கள் தங்கள் காலால் நடந்துபோய் பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். இதை முதன்முதலாக வீட்டில் சொன்னபோது என் மனைவி என்ன கேட்டாள் தெரியுமா? "அதுல கொஞ்சம் கொண்டு வாங்களேன், கதிரைக் கால் ஒடஞ்சி கெடக்கு." எங்கள் வீட்டின் வைத்திய அறிவு அவ்வளவுதான்.

ஆனால் ஐயாமாரே, அந்தப் பசை இறுகும் வரைக்கும் பயம்தான். நோயாளி குப்புறப் படுத்திருப்பார், விழித்திருப்பார். பசை ஒரு துளி கசிந்து நரம்புப் பக்கம் போனால் கால் எரியும். எக்ஸ்ரே திரை காட்டுமுன்பே சில நேரம் காலுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் டொக்டர் கேட்டுக்கொண்டே இருப்பார்: "கால் எரியுதா உம்மா? சொல்லுங்க."

நம்முடைய ஆட்கள் என்ன சொல்வார்கள்? உங்களுக்கே தெரியும். "ஒண்ணுமில்லீங்கய்யா. நல்லா இருக்குங்க." பெரிய டொக்டர் நமக்காக இவ்வளவு பாடுபடுகிறார், அவரிடம் போய் எரிகிறது, வலிக்கிறது என்று முறைப்பாடு சொல்வதா? அது மரியாதையா? தோட்டத்திலே பிறந்த எனக்கு அந்த மரியாதை நன்றாகத் தெரியும். அந்த மரியாதையில் ஓர் அம்மாவின் கால் போகப் பார்த்தது.

அன்றைக்கும் டொக்டர் கேட்டார். அந்த அம்மாவும் "ஒண்ணுமில்லீங்க" என்றார். நான் சும்மா இருக்கமாட்டாதவன். தலையணை சரிந்திருக்கிறதென்று இழுத்தேன். வந்ததே ஏச்சு!

"அட நாசமாப் போறவனே, கால் நெருப்பா எரியிது, நீ தலகாணிய வந்து நோண்டுற!"

டொக்டரின் கை அந்தக் கணமே நின்றது. ஊசியை நகர்த்தினார். கால் தப்பியது! எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாவின் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"ஏன் உம்மா எனக்கிட்ட சொல்லல்ல?"

"ஐயா இம்புட்டு மெனக்கெடுறீங்க, எந்த வாயால சொல்றதுங்க?"

"அப்ப இவருக்கு மட்டும் சொன்னீங்களே?"

"இவரா? இவரு நம்ம ஆளுதானுங்களே. ஏசுனா என்ன?"

டொக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சுந்தரம், இனி ஒங்களுக்கு இதான் வேல. தலமாட்டுல நிண்டு ஏச்சு வாங்கணும்" என்றார்.

அன்றிலிருந்து எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றேன். எத்தனை விதமான ஏச்சு! என் பரம்பரையே கிழிந்தது. ஒவ்வொரு ஏச்சுக்கும் டொக்டரின் கை நிற்கும், பார்க்கும், பிறகு நகரும். வேறொரு பெரியவராக இருந்தால், இந்தச் சனங்களுக்குப் பேசத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இவர் அவர்கள் பேசக்கூடிய ஆளைத் தேடிப் பக்கத்தில் நிறுத்தினார். இதல்லவா வைத்தியம்! இவரல்லவா வைத்தியர்!

சபையோரே, இனிச் சொல்லப்போவதை அழாமல் சொல்லப் பார்க்கிறேன்.

போன வாரம், குளிரூட்டிய அறையில் அவருக்கு வியர்த்தது. மிஸ் கேட்டார். அவரோடு கூடவே நின்று வேலை பழகிய டொக்டர் றிப்தா கேட்டார். நானும் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே பதில்: "ஒண்டுமில்ல. காலையில சாப்பிடல்ல, அவ்வளவுதான்." வீட்டிலும் அதையேதான் சொன்னாராம், ஸனா அவர்கள் சொல்லி அழுதார்கள். பட்டியலில் காத்திருக்கிறவர்களை முடித்துவிட்டு நெஞ்சைக் காட்டலாம் என்று இருந்தாராம். நெஞ்சு அதுவரை பொறுக்கவில்லை.

எங்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று நினைத்தாரா? அவரும் நம்மைப் போலத்தானா? ஒவ்வொரு நோயாளிக்கும் ஏசுவதற்கு ஓர் ஆளைத் தேடிக் கொடுத்த மனுஷனுக்கு, அவர் வாய்விட்டுச் சொல்ல நாம் யாரை நிறுத்தினோம்? ஒருவரையும் நிறுத்தவில்லையே! "சார், சார்" என்று நாமெல்லோரும் மரியாதையாகத் தள்ளி நின்றோமே!

அவருடைய பட்டியலில் அடுத்து இருந்தவர் அங்கம்மா. கடுகண்ணாவைப் பக்கத் தோட்டமொன்றில் படியில் விழுந்து முதுகெலும்பு நசுங்கியவர். இன்னும் வார்டில்தான் படுத்திருக்கிறார். டொக்டர் மௌத்தாகிவிட்டார் என்று நான்தான் போய்ச் சொன்னேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப நா தோட்டத்துக்கே போயிர்றேன்" என்றார். கொழும்புக்கு அனுப்பலாம் என்றார்கள். திரும்பிப் படுக்கவே அலறுகிறவரை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது?

டொக்டர் றிப்தாவுக்கு அந்த வேலை தெரியும். ஆனால் நேற்று என்னிடம் சொன்னார், "சுந்தரம் அண்ணே, பசை உள்ளுக்குப் போகக்குள்ள சேர் பக்கத்துல இல்லாட்டி நிப்பாட்டுங்க எண்டு எனக்கு யாரு சொல்லுவாங்க?"

நான் என்ன சொல்ல? "டொக்டர், ஊசியைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுங்க. ஆனா அங்கம்மா ஏசுற ஏச்சு ஒண்ணு விடாம ஒங்க காதுக்கு வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாளைக் காலைப் பட்டியலில் அங்கம்மாவின் பெயரை எழுதினார்.

டொக்டர் பவாஸ் அவர்களே! நீங்கள் நிறுத்திய இடத்தில் நான் நிற்பேன். அங்கம்மாவுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் நிற்பேன். டொக்டர் றிப்தாவின் முகம் வாடினாலும், "என்ன செய்யுது, சொல்லுங்க" என்று பதில் வரும்வரை நச்சரிப்பேன். மரியாதை கெட்டவன் என்று சொன்னாலும் சொல்லட்டும்.

சபையோர் மன்னிக்கவேண்டும், இத்தோடு முடித்துக்கொள்கிறேன். நாளைக்கு என்னை வாய் நிறைய ஏசவேண்டும் என்று அங்கம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒன்னைய எதுக்கு ராசா ஏசணும்? நீ தங்கமான புள்ள" என்கிறார். பொழுது படுமுன் வார்டுக்குப் போய் அந்த எண்ணத்தை எப்படியாவது மாற்றியாகவேண்டும்.