காணாமல் போன ஆணி

அவையின் நடுவே அமர்ந்து எங்களை நெறிப்படுத்தும் தலைவர் கலியாணசுந்தரம் அவர்களே! உளியும் வாளும் பிடித்துக் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலை ஒதுக்கிவிட்டு, கைக்குழந்தையும் கையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! புக்கிட் பாருவிலிருந்தும் பண்டார் ஹிலிரிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்து, உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுப்பையனின் பணிவான வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். இதே காஜா பெராங்கில், பெட்டிப் பட்டறையில், யந்திரம் பழுது பார்ப்பவன். அடுத்த வாரம் உங்கள் பட்டறைகளுக்கெல்லாம் காற்றால் அடிக்கும் ஆணித் துப்பாக்கி வரப்போகிறது. "அதைப் பழுது பார்த்துப் பழகியவன் நீ ஒருவன்தான், வந்து பேசு" என்றார் தலைவர். பேச வந்துவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கால் நடுங்குகிறது. சிரிக்கிறீர்கள். கூட்டத்தைக் கண்டு நடுங்குகிறான் என்று நினைக்கிறீர்கள். இல்லை ஐயா, இல்லை! சொல்லப்போகும் செய்தியைக் கண்டு நடுங்குகிறேன்.

நம் மலாய் நாடு விடுதலை பெற்று ஐந்தாண்டு ஆகிவிட்டது. ஊரெங்கும் புதுப் பள்ளி, புதுப் பாலம், புதுப் பட்டறை! நம் அன்னாசி டப்பா கப்பலேற வேண்டும். அதற்குப் பெட்டி வேண்டும். பெட்டிக்கு ஆணி வேண்டும். சுத்தியலால் ஓர் ஆணியை நாலு தட்டுத் தட்டினோம். இந்தத் துப்பாக்கியோ ஒரே தட்டு! கம்ப்ரெசர் காற்றை அடைத்து அனுப்பும். ரப்பர் குழாய் வழியே காற்று வரும். துப்பாக்கி மூக்கின் முனையில் ஒரு தண்டு இருக்கும். அதைப் பலகையில் அழுத்திக்கொண்டு விசையை இழுத்தால்தான் ஆணி பாயும். பலகையில் அழுத்தாவிட்டால் பாயாது. அதுதான் பாதுகாப்பு. மலாய்த் தோழர்கள் ஆணியைப் 'பாக்கு' என்பார்கள். "பாக்கு போடுறேன், தள்ளி நில்லு" என்று ஆணி அடிக்கும் எங்கள் ஷரீஃபுதீன் சொல்லும்போதெல்லாம் பட்டறையே சிரிக்கும். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த பட்டறைதான் அது.

இரண்டாண்டுக்கு முன்பு, ஐப்பசி மாதம். விடாத மழை. மழைக்காலத்துக் காற்றில் ஈரம் உண்டு அல்லவா? கம்ப்ரெசர் அந்த ஈரத்தையும் சேர்த்தே விழுங்கும். உருளையின் அடியில் தண்ணீராகத் தேங்கும். அடியில் ஒரு திருகு இருக்கிறது. நாள்தோறும் காலையில் அதைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். வடிக்க வேண்டியவன் யார்? நான். வடித்தேனா? ஒன்பது நாள் வடிக்கவில்லை. ஏன்? மறந்தேன் என்று சொன்னால் பொய். அலுப்பு! வெறும் அலுப்பு!

தேங்கிய தண்ணீர் குழாயில் ஏறியது. துப்பாக்கிக்குள் புகுந்தது. எண்ணெயைக் கழுவியது. துருவை வளர்த்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஊதிப்போனது. துப்பாக்கி சும்மா இருக்கவில்லை, தோழர்களே! என்னை எச்சரித்தது. பின்பக்கம் புஸ்ஸென்று காற்று கசிந்தது. ஓர் ஆணி பாதி ஏறி நின்றது. அடுத்த முறை இரண்டு ஆணி ஒன்றாகப் போனது. ஷரீஃபுதீன் என்னிடம் வந்தார்.

"அண்ணே, இது தும்முது. ஒரு தடவ இழுத்தா ரெண்டு போவுது. மூக்குத் தண்டு மேல போனா கீழ வர மாட்டேங்குது."

எங்களை வேலை வாங்கும் மண்டோர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரெண்டு சொட்டு எண்ணெய விடு, சரியாயிடும். மண்டோர் பெட்டி கேட்டுக்கிட்டு நிக்கிறாரு."

பத்தாம் நாள் காலை, மணி பத்து. ஆணி வளைந்து மூக்கில் சிக்கியது. ஷரீஃபுதீன் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ரப்பர் குழாயைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு திருகு; ஓர் இழுப்பு; அவ்வளவுதான். நான் கழற்றவில்லை. காற்று இருக்கும்போதே துப்பாக்கியை இடக்கையில் பிடித்தேன். திருப்புளியை மூக்கில் விட்டு நெம்பினேன். மூக்குத் தண்டு துருவேறி மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பலகை இல்லாமலே பலகையில் அழுத்தியதாகத் துப்பாக்கி நினைத்துக்கொண்டது. வளைந்த ஆணி வெளியே வந்து, வரிசையில் இருந்த அடுத்த ஆணி மூக்கில் ஏறியது. அதே நொடியில் என் உள்ளங்கை விசையில் பட்டது.

'டப்!'

அவ்வளவுதான் சத்தம். என் விரல்களைப் பார்த்தேன், பத்தும் இருந்தன. மேசையைப் பார்த்தேன், ஆணி இல்லை. தரையைப் பார்த்தேன், இல்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தேன், அங்கும் இல்லை.

ஆணி எங்கே? இரண்டு அங்குல ஆணி எங்கே போனது?

மரம் அறுக்கும் யந்திர வாளை நிறுத்தினார்கள். "யாருக்காச்சும் பட்டுச்சா?" என்று ஷரீஃபுதீன் கத்தினார். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். எட்டு முழம் தள்ளிப் பலகை அடுக்கிக்கொண்டிருந்த சந்திரமதி அக்கா மட்டும் காதுக்குப் பின்னால் தலைத்துண்டின்மேல் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கென்ன தம்பி, ஏதோ சிராய் தெறிச்சுச்சு" என்று சிரித்தார்.

நான் பார்த்தேன்! அவர் தேய்த்துக்கொண்டதை என் இரு கண்ணாலும் பார்த்தேன்! அறுவை வாள் நாள் முழுக்கச் சிராய் தெறிக்கும் இடம்தான் அது. ஆனால் அவர் வாளைப் பார்த்து, என் மேசைக்கு முதுகைக் காட்டியல்லவா நின்றார்? அந்தக் கணம் என் நெஞ்சு 'போய்ப் பார்' என்றது. அதே கணம் மண்டோரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. குழாயைக் கழற்றாமல் நெம்பியது தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்பது நாளாகத் தண்ணீர் வடிக்காதது தெரிந்தால் என்ன ஆகும்?

"கூரைக்குப் போயிருக்கும், வேலையப் பாருங்க" என்றேன்.

வாள் மறுபடி சுழன்றது. ஷரீஃபுதீன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மணி பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம். கூடப் பலகை அடுக்கும் ருக்மணியும் சந்திரமதி அக்காவும் பலகைக் குவியலோரம் உட்கார்ந்தார்கள். அக்கா சோற்றை அள்ளினார். வாய்க்குப் போகுமுன் சோறு மடியில் விழுந்தது. மறுபடி அள்ளினார். மறுபடி விழுந்தது. தம் வலக்கையை, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ருக்மணி, அந்தச் சாவிய குடு" என்றார்.

"எந்தச் சாவிக்கா?"

"சாவி... குடிக்கிற சாவி."

தண்ணீர் என்ற சொல் அவருக்கு வரவில்லை. தாய்மார்களே, ஆணி எங்கே போனது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அப்போதும் நான் எழுந்து போகவில்லை. ருக்மணிதான் தலைத்துண்டை அவிழ்த்தாள். இடக்காதுக்குப் பின்னால், முடிக்குள், குங்குமப் பொட்டளவு இரத்தம். அதன் நடுவே பளபளவென்று ஓர் ஆணித்தலை.

ருக்மணி அலறிக்கொண்டே அதைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"ஜாங்ஙான்! தொடாதே ருக்மணி, தொடாதே!" ஷரீஃபுதீன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "பிடுங்குனா ரத்தம் நிக்காது. அப்படியே தூக்கு!"

வாசலில் நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பிழைத்தாரா என்கிறீர்கள். பொறுங்கள். நாங்களும் அன்று பொறுத்தோம்.

அக்காவைப் பலகை லாரியில் ஏற்றினோம். அவர் தலை என் மடியில். மழை பெய்த சாலை. பள்ளம் பள்ளமாகத் தண்ணீர். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆணி இன்னும் உள்ளே இறங்குமோ, இன்னும் இறங்குமோ என்று என் உயிர் துடித்தது. என் இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி, குலுக்கம் தலைக்குப் போகாமல் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி... என் தலையில என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. ஒண்ணுமே இல்ல."

அன்று நான் சொன்ன இரண்டாவது பொய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆணித்தலையைப் பார்த்தார். நிமிர்ந்து கேட்டார்: "இது எப்போது நடந்தது?"

எளிய கேள்வி! ஆனால் என் நாக்கு நுனியில் வந்து நின்ற விடை எது? "இப்போதுதான்." அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என் வேலை பிழைத்திருக்கும். என் மானம் பிழைத்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஷரீஃபுதீன் என் பக்கத்தில் நின்றார். நானே சொல்லட்டும் என்று நின்றார்.

"பத்து மணிக்கு, டாக்டர். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நான்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் முகம் மாறியது. என்னைத் திட்ட அவருக்கு நேரமில்லை. "உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். உடனே திறக்க வேண்டும். நேரம் சொன்னது நல்லதாயிற்று" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அன்று மாலைவரை அறுவை அறைக் கதவு திறக்கவில்லை. மறுநாளும் அக்கா கண் திறக்கவில்லை. மூன்று நாள் அந்த வராந்தாவில் இருந்தேன். டிராலிச் சக்கரம் உருளும் ஒவ்வொரு முறையும் எழுந்தேன்; ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தேன். மண்டோர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாதம் என்னை யந்திரத்தின் பக்கமே விடவில்லை. அது தண்டனை என்று நான் நினைக்கவில்லை, ஐயா. யந்திரத்தைத் தொடாத நாட்களில்தான் நான் தூங்கினேன்.

நான்காம் நாள் அக்கா கண் திறந்தார். ஆம், பிழைத்தார்! கைதட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் அவருடைய வலக்கையில் மூன்று விரல் மடங்குவதில்லை. சொற்கள் நின்று நின்றுதான் வருகின்றன. இன்று இந்த அவையில்தான் இருக்கிறார். அவர் சம்மதம் கேட்டுத்தான் பேசுகிறேன். யாரும் திரும்பித் தேடாதீர்கள், அவர் கூச்சப்படுவார்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் போய் அவர் காலில் விழுந்தேன். தண்ணீர் வடிக்காததைச் சொன்னேன். குழாய் கழற்றாததைச் சொன்னேன். அவர் தேய்த்துக்கொண்டதைப் பார்த்தும் பேசாதிருந்ததைச் சொன்னேன். மன்னிப்பார் என்று நினைத்தேன். ஏசுவார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கேட்டார்.

"அன்னிக்கு... பயந்தியா?"

"பயந்தேன்க்கா."

"யாருக்கு?"

நான் தலை குனிந்தேன். "மண்டோருக்கு."

அக்கா மடங்காத தம் விரல்களைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இனிமே... அந்த மிசினுக்கு... பயப்படு."

தோழர்களே! அஞ்சாதே அஞ்சாதே என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். நான் சொல்கிறேன், அஞ்சுங்கள்! மண்டோரின் செருப்புச் சத்தத்துக்கு அஞ்சாதீர்கள். குழாயில் நிற்கும் காற்றுக்கு அஞ்சுங்கள்! முதலாளியின் முகச்சுளிப்புக்கு அஞ்சாதீர்கள். மூக்கில் ஒட்டிய தண்டுக்கு அஞ்சுங்கள்! காலையில் வந்ததும் உருளையின் திருகைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை வடியுங்கள். எண்ணெய் விடுங்கள், ஆனால் எண்ணெயை மருந்தென்று நம்பாதீர்கள். தண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், அதுவும் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு! தானாகக் கீழே வரவில்லையா? ஒரு வளையம் ஊதியிருக்கிறதா? அந்தத் துப்பாக்கி அன்று வேலைக்கு ஆகாது. ஆணி சிக்கினால் முதலில் எது? திருப்புளியா? இல்லை! கம்பியா? இல்லை! குழாய்! குழாயைக் கழற்று! குழாயைக் கழற்றாத கை, அடுத்தவர் தலையில் ஆணி அடிக்கும் கை!

கடைசியாகத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள். பாய்ந்த ஆணி கண்ணுக்குத் தெரியாவிட்டால், அது கிடைக்கும்வரை பட்டறை நிற்க வேண்டும். நிறுத்தும் உரிமை ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேண்டும். பலகை அடுக்கும் பெண்ணுக்கும் வேண்டும். இதை இன்றே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். வாசலில் நிற்பவர்களும் தூக்குங்கள்.

தாய்மார்கள் பக்கம், தூணோரம், மூன்று விரல் மடங்காத ஒரு கை முதலில் எழுந்துவிட்டது. இனி நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை. நடுங்கிய குரலுக்குக் காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி, முழு உடலோடு எல்லோரும் மாலையில் வீடு திரும்ப என் வாழ்த்து, அமர்கிறேன், வணக்கம்.