கேத்தரின் அக்காவின் மறுதடவை

மேடையில் அமர்ந்திருக்கும் விழாக் குழுத் தலைவர் மாதவராஜ் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் இருக்கும் சவரி மாமா அவர்களே, பாப்பாரப்பட்டியிலிருந்தும் நல்லம்பள்ளியிலிருந்தும் வந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் மைக் முன்னால் நின்றதில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

பியானோ கலைஞர் கேத்தரின் அக்கா இருபத்தாறு வயதில், பதினொரு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவர் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று தாள் திருப்பியவள் நான். எனக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. அக்கா தலையசைத்தால் திருப்புவேன். "நீ நொய்நொய்னு பேசமாட்ட, அதான் உன்னையக் கூப்புட்டேன்" என்பார்.

அக்கா வாசித்தது ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய நீண்ட இசை. ஒரு மெட்டு, அதற்கு முப்பது மாறுதல்கள். இரண்டு அடுக்காகக் கட்டைகள் இருந்த பழைய கருவிக்கு எழுதியது. நம் மண்டபத்துப் பியானோவில் ஒரே வரிசை. இரண்டு கைகளும் ஒரே இடத்துக்கு வரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அக்காவின் இடது மணிக்கட்டில் வலதுகை நகம் கீறிய தழும்பை உங்களில் யார் பார்த்தீர்கள்?

பழைய கருவியில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். அப்படியே வாசிக்க வேண்டும் என்று பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. பியானோவால் முடிவதைப் பியானோ ஏன் மறைக்க வேண்டும்? ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இரண்டு புள்ளி இருக்கும். மறுபடி வாசி என்று பொருள். முதல் தடவை வலது கை மேலே கேட்கும். மறுதடவை அதே சுரங்கள்தான், ஆனால் இடது கை எழுந்து வரும். அதே பாட்டா அது? இல்லை!

போன டிசம்பரில் இங்கே வாசித்தபோது பாதியில் பலர் எழுந்தார்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்லி விழாக் குழுவினர் மேடையோரத்திலிருந்து கை காட்டினார்கள். நான் பயந்து, புள்ளியைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். அக்காவின் எதிரே தவறான பக்கம். அவர் நிற்கவில்லை. தாளைப் பார்க்காமலே மறுதடவையை வாசித்து முடித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

இறங்கியதும் தலைவர் ஐயா அக்காவிடம் கேட்டார்: "ஒண்ணையே ரெண்டு தடவ வாசிச்சா எப்படிம்மா? ஜனங்க பஸ்ஸுக்குப் போவ வேணாமா?"

"மொத தடவ வாசல் வரைக்கும் கூட்டியார்றது சார். ரெண்டாந்தடவதான் வூட்டுக்குள்ள. வாசலோட போறவங்க தாராளமா போவட்டுங்க."

வரும் ஞாயிறு அக்கா நினைவாக நவநீதன் அண்ணன் அதே இசையை வாசிக்கிறார். நோட்டீஸில் நாற்பது நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். மறுதடவைகளை எல்லாம் எடுத்துவிட்டீர்களாம். யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? அக்காவின் உழைப்பே அங்கேதானே இருந்தது? அதை வெட்டிவிட்டு அவர் பெயரை மட்டும் பெரிதாக அச்சடிப்பதா அஞ்சலி?

அன்றைக்கும் தாள் திருப்ப என்னைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நேற்று அண்ணனிடம் பேசினேன். "நீ எந்தப் பக்கத்த வெக்கிறியோ அதத்தான் புள்ள நான் வாசிப்பேன்" என்றார்.

அதனால் இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன். இரண்டு புள்ளி வரும் ஒவ்வொரு இடத்திலும், மறுதடவைக்காக, தொடங்கிய பக்கத்துக்கேதான் நான் திருப்புவேன். யார் கை காட்டினாலும் பார்க்க மாட்டேன். எண்பது நிமிடம் ஆகும். உட்கார்ந்து கேளுங்கள்.