நடந்து வந்தவளின் படி

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகன். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டதால் நான்தான் எழுந்து அணைத்தேன். தம்பி மனைவி சன்னலைச் சாத்தினாள்.

குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குப் பயணப்படி வழங்கும் எழுத்தர் நான். இருபத்தாறு ஆண்டுகளில் என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. என் அலுவலகச் சன்னலுக்கு வெளியே நிற்பவர்களில் பாதிப் பேர் வராத வண்டிக்கு வாடகை கேட்பார்கள். ஆகவே நான் யாரையும் நம்புவதில்லை.

தம்பி மகன் ஒரு காவலாளியை இரும்புக் கம்பியால் அடித்தான், அவர் இறந்துவிட்டார். இவன் ஜாமீனில் வெளியே வந்தான். பார்த்தவள் ஒரே ஒருத்தி, அடி விழுந்த இடத்துக்கு எதிர்வீட்டுத் தையல்காரி. அவன் எனக்கு என்ன உறவு என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று முறை வாய்தா போனது. மூன்று முறையும் வந்தாள். மூன்றாம் முறை பேருந்துச் சீட்டைத் தொலைத்திருந்தாள். சீட்டில்லாமல் படியில்லை என்றேன். அத்தோடு வருவதை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

“அப்ப அடுத்த தடவை நடந்தே வர்றேன் சார். காலுக்கு எவன் சீட்டு கேப்பான்?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்து வருபவர்களுக்கும் படி உண்டு. புறப்படும் நேரத்தையும் வரும் வழியையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாது. நானே எடுத்துச் சொல்லி, நானே படிவத்தை நிரப்பினேன். காலை ஆறரை, குவாரிச் சாலை.

“அங்க லாரிதான் சார் பயம். ஓரமா வந்துருவேன்” என்றாள். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

அவள் மேல் லாரியை ஏற்றியவனுக்கு அவள் வரும் வழி எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

“மூத்தவர் நீங்க இருந்தும் நம்ம குடும்பம் சந்தி சிரிக்கணுமா?” என்றாள் தம்பி மனைவி, அன்று சன்னலைச் சாத்திவிட்டு. நான் பையிலிருந்து படிவத்தை எடுத்து உரக்கப் படித்தேன்.

“நேரத்தை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே” என்றான் தம்பி. அவனுக்குச் சொந்தமாக இரண்டு லாரிகள்.

சொன்னேன்.

இதைக் கொலை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளுடைய கடைசி நாள் படியை நான் அமுக்கிக்கொண்டதாக ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் காசைத் தொட்டதில்லை. நீதிமன்றத்துக்கு வந்து சேராதவர்களுக்குப் படி கிடையாது.